கம்பெனிக் கோழியும் உங்கள் மாப்பிள்ளையின் சட்டசபைப் பேச்சும்

கொடுமுடி மகுடேசுவரர் துணை

தோட்டத்து வீடு,
வைகாசிக் கடைசி, செவ்வாய்க்கிழமை

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அண்ணன் சென்னிமலை அவர்களுக்கு,

தங்கை ராசாத்தாள் வணங்கி எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். வழக்கத்துக்கு எழுதும் நலம் இல்லை, ஒரு வருசத்துக்குப் பிறகு மனதார எழுதும் நலம். அங்கு நீங்களும் உங்கள் வீட்டில் நங்கையாவும் நலமா? வெள்ளகோவில் பக்கம் மழை எட்டிப் பார்த்ததா? காலியாகக் கிடந்த உங்கள் கோழி செட்டில் மறுபடியும் குஞ்சு இறக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சேதியைக் கேட்ட அன்றைக்குத்தான் எனக்குச் சோறு ருசித்தது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நங்கையா சிரிப்பார். காரணம் இருக்கிறது. என் ஃபோன் கோழிக் கம்பெனிக்காரர்கள் வாங்கிக் கொடுத்தது. போன வாரம் அவர்கள் கொடுத்ததையெல்லாம் வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பியபோது ஃபோனும் போய்விட்டது. உங்கள் நம்பர் அதற்குள்ளேயே இருந்தது. கூடப்பிறந்தவன் நம்பரை மனப்பாடமாக வைத்துக்கொள்ளாதவள் என்று நீங்கள் திட்டலாம். ஆனால் நம்பர் கையில் இருந்தபோதும் நீங்கள் ஒருமுறையாவது எடுத்தீர்களா? மாசி மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனவர்தான். அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். பேப்பரில் வராததை நான் சொல்கிறேன். கோபம் இருந்தாலும் கடைசிவரை படியுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை நல்ல மனிதர் என்பது உங்களுக்கும் தெரியும். அவரிடம் உள்ள ஒரே கோளாறு, யார் வந்து எதைக் கேட்டாலும் “பாக்கலாமுங்க” என்று சொல்லிவிடுவது. மோட்டார் கடையில் உட்கார்ந்திருந்தவரை அந்தக் குணம் எங்களைக் கெடுக்கவில்லை. கடன் கேட்டவனிடமும் பாக்கலாமுங்க என்பார், கடன் கொடுத்தவனிடமும் பாக்கலாமுங்க என்பார், இரண்டும் சரிக்குச் சரியாகப் போய்விடும். கட்சியில் அத்தனை வருசம் கொடி கட்டியவருக்குத் திடீரென்று சீட்டுக் கொடுத்தார்களே, அப்போதுதான் வந்தது வினை. எங்கள் கடை வருமானத்தில் தொகுதி முழுக்கப் போஸ்டர் ஒட்டப் பசைகூட வாங்க முடியாது. நாங்கள் இருவரும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது, கோயமுத்தூர் அவிநாசி ரோட்டிலிருந்து வெள்ளைக் காரில் வரதராஜுலு வந்து இறங்கினார். நீங்கள் தினமும் பிரிக்கிற தீவன மூட்டையில் யார் பெயர் அச்சடித்திருக்கிறதோ, அந்தக் கம்பெனியின் மக்கள் தொடர்பு மேலாளர். கம்பெனி பெயரை எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும்.

“ஏனுங்க அய்யா, எங்களுக்கு ஒண்ணுமே வேண்டாமுங்க. நல்லவங்க செயிக்கோணும், ஜனநாயகம் நல்லாருக்கோணும், அவ்வளவுதானுங்க எங்க மொதலாளிக்கு” என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். இவரும் கும்பிட்டார். நான் காபி கொண்டுவந்தேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பிரச்சார ஜீப், மைக் செட், துண்டு, தொப்பி, தண்ணீர்க் கேன், ஊருக்கு ஊர் பிரியாணிக்குக் கோழி என்று எல்லாம் பேசி முடிந்துவிட்டது. ரசீது போட்டுக் கட்சிக் கணக்கில் வைக்கிறது தனியாம், இது அன்பளிப்பாம். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோசத்தில் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. தேர்தல் முடிகிறவரை தொகுதியே கோழி வாசம் அடித்தது. இவர் பேசியதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஓட்டுப் போட்டார்கள், நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

ஜெயித்த கையோடு நேர்த்திக்கடன் செலுத்தக் கொடுமுடிக்குப் போனேன். அங்கே எங்களிடம் தோற்ற வேட்பாளரின் மனைவி பொற்கொடியும் சாமி கும்பிட வந்திருந்தார். பார்க்காத மாதிரிப் போய்விடலாமா என்று நான் நினைப்பதற்குள் அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தங்கமான மனசு. பேச்சு எங்கெங்கோ போய், எங்களுக்கு ஜீப் தந்த புண்ணியவானைப் பற்றி நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“வரதராஜுலுங்களா? எங்களுக்கும் அவருதானுங்க அக்கா! அதே ஜீப்புத்தான். காத்தால எங்களுக்கு, மத்தியானத்துக்கு மேல உங்களுக்கு. கொடிய மட்டும் மாத்திக் கட்டிப்போட்டு வருவாங்க. பிரியாணிகூட ஒரே சமையல்காரருதானுங்க. உங்களுக்கு உப்புக் கொஞ்சம் கம்மியாமா, எங்கூட்டுக்காரருக்கு அதுல ஒரே வருத்தம்.”

எங்களை நம்பிக் கொடுத்தார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் யாரையும் நம்பவில்லை, எவன் ஜெயித்தாலும் தங்களுடையவனாக இருக்கட்டும் என்று பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். மோட்டுவளையைப் பார்த்தபடியே, “செரி, பாக்கலாம்” என்றார்.

அதற்கப்புறம் ஒன்றொன்றாக வர ஆரம்பித்தது. தினமும் விடிந்ததும் கறி வரும். வைக்க இடமில்லை என்றதும் பெரிய ஃப்ரீசர் வந்தது. எங்கள் வீட்டு முன்னறையிலேயே இருக்கிற எம்.எல்.ஏ. ஆபீஸில் வெயில் தாங்கவில்லை என்று இவர் ஒரு வார்த்தை சொன்னார், ஏ.சி. வந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னாலேயே வரதராஜுலுவும் வருவார். முதலில் கறிக்கடைத் திறப்பு விழாவுக்கு வந்து ரிப்பன் வெட்டச் சொன்னார். பிறகு கரண்ட் ஆபீஸுக்கு ஒரு ஃபோன். பிறகு தீவன மில்லிலிருந்து ஈத் தொல்லை என்று ஊர்க்காரர்கள் புகார் கொடுத்தபோது, சோதனை போட வரவிருந்த அதிகாரியைக் கொஞ்சம் தள்ளி வரச் சொல்லி ஒரு வார்த்தை. கட்டாயப்படுத்தினார்கள் என்று ஒருநாளும் சொல்ல முடியாது. அந்த மனிதர் குரலை உயர்த்தியதே இல்லை. “முடிஞ்சாப் பண்ணுங்கய்யா, இல்லீன்னா விட்டுப்போடுங்க” என்பார். அவர் கொடுத்த ஏ.சி.க்குக் கீழே, அவர் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இவர் எப்படி விடுவார்?

அந்த ஏ.சி.க்குக் கீழேதான் நீங்களும் வந்து உட்கார்ந்தீர்கள். பண்ணைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும், செட்டும் கரண்டும் பாடும் நம்முடையது, கிலோவுக்குத் தரும் வளர்ப்புக்கூலி மட்டும் வருசக்கணக்காக நகரவில்லை, நோஞ்சான் குஞ்சைத் தந்துவிட்டுச் செத்ததற்கு நம் கூலியில் பிடிக்கிறார்கள் என்று நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். “மாப்ளே, சட்டசபையில ஒரே ஒரு கேள்வி கேளுங்க, போதும்” என்றீர்கள். உங்கள் மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஏ.சி.யைப் பார்த்தார். “பாக்கலாமுங்க மச்சான்” என்றார். நீங்கள் எழுந்துகொண்டீர்கள். தண்ணீர்ச் சொம்பு அப்படியே இருந்தது. உங்களை வழிமறிக்க வாசல்வரை ஓடி வந்தேன், நீங்கள் வண்டியைக் கிளப்பிவிட்டீர்கள்.

அடுத்த வாரமே உங்கள் செட்டுக்குக் குஞ்சு வருவது நின்றுபோனது என்று கேள்விப்பட்டேன். கூட்டம் சேர்த்துக்கொண்டு போனவருக்குக் கிடைத்த தண்டனை என்று ஊரே பேசியது. நான் இவரிடம் கேட்டேன், இவர் வரதராஜுலுவிடம் கேட்டார். “அது வேற டிபார்ட்மெண்டுங்க அய்யா” என்று பதில் வந்தது. அன்றைக்கு வந்த கறியை நான் சமைக்கவில்லை. மறுநாளும் சமைக்கவில்லை. எம்.எல்.ஏ. ரசமும் கத்திரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

நீங்கள் வந்துபோனதில் கம்பெனிக்குக் கொஞ்சம் கலக்கம்தான். சித்திரையில் சட்டசபையில் கால்நடைத் துறை மானியக் கோரிக்கை வருகிறது, அதில் யாராவது வளர்ப்புக்கூலியைப் பற்றிக் கிளப்பிவிடுவார்கள் என்று பயம். அதற்கு முன்னாலேயே நல்லபடியாக ஒருவர் பேசிவிட வேண்டும், பேசுகிறவர் பண்ணைக்காரராகவே இருந்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது என்று முதலாளிக்கு யோசனை வந்திருக்கிறது. எங்கள் தோட்டத்தில் முன்பு வாடகைக்கு விட்டு, பிறகு சும்மா கிடந்த பழைய கோழி செட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வரதராஜுலு ஆள்விட்டு அதைச் செப்பனிட்டு, தரையில் தேங்காய் நார் மஞ்சி பரப்பி, பங்குனிப் பிறப்பன்று குஞ்சு இறக்கிவிட்டார். “அய்யா இனிமேல் பண்ணையாளருங்க. அனுபவத்துல பேசறீங்கன்னு சபையே கேக்குமுங்க. உங்களுக்குத் தனிக் கவனிப்புங்க, கவலையே படாதீங்க” என்றார்.

அண்ணா, இங்கேதான் ஆண்டவன் வேலை செய்தார். நன்கொடை கொடுக்கிற டிபார்ட்மெண்ட் வேறு, கோழி கொடுக்கிற டிபார்ட்மெண்ட் வேறு என்பதை வரதராஜுலுவே மறந்துவிட்டார். அவர் சொன்ன தனிக் கவனிப்பு கோழி டிபார்ட்மெண்ட்டின் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அதற்கு உங்கள் மாப்பிள்ளை ரங்கராஜ் என்பவர் ஒரு பண்ணை எண், அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பாதிக் குஞ்சு நிற்கவில்லை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. நானும் வேலைக்கு வந்த இரண்டு பெண்களும் பொறுக்கிப் பொறுக்கிப் பல்பு வெளிச்சத்துக்குக் கீழே விட்டோம். கம்பெனிக்கு எங்கள் பக்கத்துச் சூப்பர்வைசரான சிக்கந்தர் பைக்கில் வந்தார். பாவம், அவருக்கு ஏகப்பட்ட பண்ணை, வெயிலில் கறுத்துப்போன பிள்ளை. குஞ்சு சரியில்லை என்று இவர் அதட்டினார்.

“எல்லாப் பண்ணைக்கும் இதே குஞ்சுதானுங்க வருது” என்றார் சிக்கந்தர்.

“நான் யாருன்னு தெரியுமாப்பா? எம்.எல்.ஏ.”

“தெரியுமுங்க. எங்கூட்ல எல்லாரும் உங்களுக்குத்தானுங்க ஓட்டுப் போட்டோம். ஆனா செத்துப்போன குஞ்சு உங்க கணக்குலதானுங்க ஏறும்.”

தீவன லாரி சொன்ன நாளில் வரவில்லை. பட்டினி கிடந்த கோழிகள் ஒன்றை ஒன்று கொத்தின. வரதராஜுலுவைக் கூப்பிட்டால் முதலாளியோடு வெளிநாடு போயிருக்கிறார் என்றார்கள். ஆபீஸ் நம்பருக்கு அடித்தால் பாட்டுப் பாடியது, பிறகு ஒரு பெண் பண்ணை எண்ணைக் கேட்டாள். இவர் “நான் சட்டமன்ற உறுப்பினர் பேசறேனுங்க” என்றார். அவள், “சரிங்க சார், பண்ணை எண் சொல்லுங்க” என்றாள். தொகுதி எண்ணைச் சொல்லிப் பார்த்தார். அப்படி ஒரு பண்ணையே இல்லை என்று வைத்துவிட்டாள்.

கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே கோழி எடை கட்டிவிட்டது. பிடித்துப்போக வண்டி வர வேண்டும், வரவில்லை. கோயமுத்தூரில் விலை இறங்கியிருக்கிறதாம், விலை ஏறட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். விலை அவர்களுக்கு ஏறும் என்று பார்த்துக்கொண்டிருக்கையில் வெயில் எங்கள் கோழிக்கு ஏறியது. ஒருநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று, ஃபேன் நின்றது. செட்டுக்குள் போய்ப் பார்த்தால் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு விழுகின்றன. இவர் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போக வெள்ளை வேட்டி சட்டையில் புறப்பட்டு நின்றார். அப்படியே செட்டுக்குள் ஓடிவந்தார். சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம், குடத்தில் மொண்டு மொண்டு தெளித்தோம். கட்சிக்காரர் ஒருவர் சால்வை போர்த்த வந்தவர் அந்தச் சால்வையையே நனைத்துக் கொடுத்தார். எவ்வளவோ பார்த்தும் காப்பாற்றியது கொஞ்சம்தான்.

வெயில் தாழ்ந்த பிறகு செத்த கோழிகளை வாரிக் குழிக்குக் கொண்டுபோனோம். இவர் இரண்டு கையிலும் கோழிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தவர் நடுவழியில் நின்றுவிட்டார். வேட்டியெல்லாம் எச்சம். முகத்தைப் பார்த்தால் அழுவாரோ என்றிருந்தது.

“ராசாத்தி, உங்கண்ணன் இதத்தான சொன்னாரு?”

“ஆமாங்க.”

“ஒவ்வொரு பேட்ச்சுக்குமா இப்புடி?”

“ஒவ்வொரு பேட்ச்சுக்குமுங்க.”

கையிலிருந்ததைக் குழியில் போட்டுவிட்டு அடுத்ததை வாரத் திரும்பினார். கடைசியில் வண்டி வந்து கோழியைப் பிடித்துக்கொண்டு போய், செத்ததற்குப் பிடித்தது, தீவனம் கூடுதலாகத் தின்றதற்குப் பிடித்தது எல்லாம் போக வந்த வளர்ப்புக்கூலி எங்கள் கரண்ட் பில் கட்டக்கூடக் காணவில்லை. தீவனம் ஏன் கூடுதல் என்று கேட்டதற்கு, கோழி கூடுதல் நாள் இருந்தது என்று எழுதியிருந்தார்கள். கூடுதல் நாள் ஏன் இருந்தது என்று எழுதவில்லை.

இதற்குள் வரதராஜுலு வெளிநாட்டிலிருந்து திரும்பி, பேச வேண்டியதை டைப் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கோழி என்ன ஆனது என்று அவர் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது இவர் கண்ணால் தடுத்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பட்டும் இந்த மனிதர் அதைப் படிக்கத்தான் போகிறாரா என்று. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தோடு “வாழ்வில் ஒளியேற்றியிருக்கிறது” என்று பேசிப் பழகுவது கேட்டது. உங்களுக்கு அன்றைக்கே ஃபோன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

சென்னைக்கு என்னையும் கூட்டிப்போனார். பார்வையாளர் மாடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி யாருக்கு என்கிறீர்கள்? வரதராஜுலுவுக்கு. சென்ட் மணக்க வந்து உட்கார்ந்து, “அக்கா, இன்னிக்கு அய்யா பேச்சு பேப்பர்ல வருமுங்க, எல்லாம் சொல்லி வெச்சிருக்குது” என்றார். கீழே உங்கள் மாப்பிள்ளை எழுந்தார். கண்ணாடியைப் போட்டார். தாளை விரித்தார்.

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே! கறிக்கோழி வளர்ப்பு இன்று கொங்கு மண்டல விவசாயிகளின் வாழ்வில் ஒளியேற்றியிருக்கிறது. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. நானே ஒரு பண்ணையாளன்.”

வரதராஜுலு பக்கத்தில் உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார், பிள்ளை பள்ளிக்கூட மேடையில் பேசும்போது அம்மாக்காரி சொல்வது மாதிரி. அடுத்து “என் அனுபவத்தில் சொல்கிறேன்” என்று உதடு போயிற்று. கீழே சத்தம் வரவில்லை. இவர் தாளைப் பார்த்தபடி நின்றார். பேரவைத் தலைவர், “உறுப்பினர் பார்த்தே படிக்கலாம், அவசரமில்லை” என்றார்.

“படிக்கலாமுங்க தலைவரே. ஆனா எழுதுனது நானில்லீங்க” என்றார் உங்கள் மாப்பிள்ளை.

சபையின் இரண்டு பக்கமும் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தாளைக் கீழே வைத்துவிட்டார். “என் அனுபவத்துல சொல்றேனுங்க. எங்கூட்டுக்கு வந்த குஞ்சுல பாதி நிக்கவே இல்லீங்க” என்று ஆரம்பித்தார். குஞ்சு, தீவன லாரி, ஃபோனில் பாடிய பாட்டு, வெயிலில் விழுந்த கோழி, பிடித்தம், எல்லாம் கொட்டினார். “எம்.எல்.ஏ. ஆன எனக்கே இந்தக் கெதீன்னா, என் மச்சான் மாதிரி இருக்கறவங்க கெதி என்னங்க?” என்றார். பேரவைத் தலைவர், “உறுப்பினர் தலைப்புக்கு வர வேண்டும்” என்று மணியடித்தார். “இதுதானுங்க தலைப்பு” என்றார். “எனக்கு எலெக்சனுக்குக் கோழி குடுத்தாங்க, நான் தின்னேன், ஊரும் தின்னுச்சு. அந்தக் கோழியெல்லாம் யாரு செட்டுல யாரு நட்டத்துல வளந்துச்சுன்னு நான் கேக்கவே இல்லீங்க. இப்பக் கேக்கறேன். வளர்ப்புக்கூலிய ஏத்தோணும், கேள்வி கேட்டவங்களுக்குக் குஞ்சை நிறுத்தறத நிறுத்தோணும்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அதைவிட வேடிக்கை அடுத்துத்தான். பின்னால் பேச எழுந்த எதிர்க்கட்சி உறுப்பினர் ஏதோ யோசனையில் இருந்திருக்கிறார். “கறிக்கோழி வளர்ப்பு இன்று விவசாயிகளின் வாழ்வில் ஒளியேற்றியிருக்கிறது” என்று கணீரென்று தொடங்கினார். அப்போது எழுந்த சிரிப்பில் மாடமே அதிர்ந்தது. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றிப் பேசி முடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இன்னும் சிலர் கையிலிருந்த தாளைச் சத்தமில்லாமல் மடித்துப் பைக்குள் வைத்ததை மேலே இருந்து நானே பார்த்தேன். வரதராஜுலுவும் பார்த்தார். ஒவ்வொரு தாள் மடியும்போதும் அவர் முகம் ஒரு சுருக்கு சுருங்கியது. கடைசியில், “அக்கா, இங்க கேன்டீன் எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்தான்.

பிறகு நாங்கள் பட்ட பயத்தைச் சொல்லி முடியாது. கட்சி ஆபீஸிலிருந்து கூப்பிட்டு நீக்கிவிடுவார்கள் என்று இவர் ஃபோனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் பேப்பர்காரர்கள் பெரிதாகப் போட்டுவிட்டார்கள். ஊரில் பேச்சு பரவிவிட்டது. இனி நீக்கினால் கட்சிக்குத்தான் கெட்ட பெயர் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். அமைச்சர் எழுந்து, கம்பெனிகளையும் பண்ணைக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசுவோம் என்று சபையிலேயே வாக்குக் கொடுத்தார். திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் பேச்சுவார்த்தை நடந்ததும், கூலியை ஏற்றிக் கையெழுத்துப் போட்டதும், நிறுத்தி வைத்த பண்ணைகளுக்குக் குஞ்சு தர ஒத்துக்கொண்டதும் உங்களுக்கே தெரியும், நீங்களும் அங்கே எதிர் வரிசையில் இருந்தீர்களாமே. உங்கள் மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினீர்கள் என்று வந்து சொன்னார். அதை எத்தனை தரம் சொன்னார் தெரியுமா? நீங்கள் ஆட்டியது அவரைப் பார்த்துத்தானா, கலெக்டரைப் பார்த்தா என்று எனக்குச் சந்தேகம், ஆனாலும் நான் கேட்கவில்லை.

ஃப்ரீசர், ஏ.சி., நாற்காலி எல்லாம் போன வாரம் போய்விட்டது. ஏற்றிக்கொண்டு போக வந்த ஆள், “எல்லாத்தையுமா திருப்பித் தர்றீங்க? இதுவரைக்கும் யாருமே திருப்பித் தந்ததில்லீங்க, எங்க கொண்டுபோயி வெக்கறதுன்னே தெரியலியே” என்று தலையைச் சொறிந்தான். எம்.எல்.ஏ. ஆபீஸில் இப்போது பனையோலை விசிறிதான். வேர்த்து வடிய உட்கார்ந்துகொண்டு இவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு வீட்டுக்குத் திரும்ப ஒரு வருசம் ஆகியிருக்கிறது. ஒருவரும் கும்பிட்டுக்கொண்டு வந்து நிற்பதில்லை, வாசலில் கார் சத்தம் கேட்டால் நான் எட்டிப் பார்க்க ஓடுவதில்லை. வீட்டில் நாங்கள் இருவர், எங்கள் ரசம், எங்கள் கத்திரிக்காய். இதைவிட என்ன வேண்டும், சொல்லுங்கள்.

ஆகையால் அண்ணா, வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் நங்கையாவும் தவறாமல் வாருங்கள். சந்தகை பிழிந்து வைக்கிறேன், தேங்காய்ப்பாலும் இருக்கும். கோழி கிடையாது. முதலில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாப்பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நங்கையாவுக்கு என் அன்பு. ஊரில் என்னைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் செட்டில் ஒரு குஞ்சுக்கும் குறை வராமல் மகுடேசுவரர் காக்கட்டும்.

உங்கள் பாதம் தொட்டு வணங்கும் தங்கை,
ராசாத்தாள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கட்சி ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. இவர் எழுந்து நின்று பேசினார். உள்ளாட்சித் தேர்தல் வருகிறதாம். சட்டசபையில் இவர் பேசியதிலிருந்து கோயமுத்தூர், திருப்பூர் முதலாளிமார் எல்லோருக்கும் இவர் பெயரைக் கேட்டாலே ஒரு பயம் வந்துவிட்டதாம், இவர் போய்க் கேட்டால் ஒருவரும் இல்லை என்று சொல்லமாட்டார்களாம். அதனால் மேற்கு மாவட்டங்களுக்கு எல்லாம் தேர்தல் நிதி திரட்டும் பொறுப்பாளராக இவரைப் போட்டிருக்கிறார்கள். நூற்பாலை, பம்ப் செட், பனியன், கோழி, எல்லாக் கம்பெனிக்கும் இவர்தான் போக வேண்டும். மாட்டேன் என்று சொல்லுங்கள் என்று நான் ஜாடை காட்டினேன். இவர் கட்சித் தலைவரிடம் “பாக்கலாமுங்க” என்றார். இப்போது கண்ணாடி முன்னால் நின்று துண்டை மடித்துத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணா, நீங்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இவர் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.